நோர்வேப் பனியில் திருநீற்று நெற்றி

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் நாலு எட்டு வைத்தாலே வியர்வையில் குளித்துவிடும் எனக்கு, ஐம்பது வயதுக்குப் பிறகு குளிர்நாடுகளில் மரதன் ஓட்டம் ஓடும் விசர் பிடித்தது. சென்ற குளிர்காலத்தில் நோர்வேயின் வடகோடிக்குப் போனேன்.

ஓடப் புறப்படுமுன் மனைவி வீடியோ கோலில் வந்தாள்.

"இஞ்சேருங்கோ, திருநீறு பூசினனீங்களோ? நெத்தியைக் காட்டுங்கோ."

எனக்கு அவ்வளவு பக்தி கிடையாது. அவளுக்குப் பயந்து பூசினேன்.

பாதி வழியில் உடம்பு சூடேறியது. பனியை வென்றுவிட்ட பெருமிதத்தில் கம்பளித் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். முதலுதவிக்கு நின்ற பெண் பதறி ஓடிவந்து மறித்தாள். நெற்றித் தோல் உறைந்து வெளுத்துவிட்டது என்றாள். நான் சிரித்தபடி திருநீற்றைத் துடைத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. என் காதைப் பிடித்து, பிடிப்பது தெரிகிறதா என்று கேட்டாள். அவள் பிடித்திருந்ததே எனக்குத் தெரியவில்லை.

உறைந்திருந்தது காதுதான். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அதை இழந்திருப்பேன் என்றார் முதலுதவிக் கூடாரத்து வைத்தியர். என் ஓட்டம் அங்கேயே முடிந்தது.

மனைவிக்குச் சொன்னேன்.

"நான் சொல்லுற ஒண்டையும் கேக்காத காதுதானே. போனாலும் பெரிய நட்டமில்லை" என்றாள். பிறகு காதைக் காட்டச் சொன்னாள்.

இப்போது எவ்வளவு வியர்த்தாலும் தொப்பியைக் கழற்றுவதில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் இடையிடையே என் முகம் வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். திருநீற்றை மட்டும் யாரும் கேட்காமலே பூசிக்கொள்கிறேன், முன்பைவிடச் சற்று அகலமாக.