அக்காவுக்கு வாசித்த விண்கப்பல் கதை

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். விழுப்புரத்தில் கல்லூரிப் பரீட்சை முடிந்ததும் அம்மா என்னைத் திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள். அங்கே என் அக்காவுக்கு ஏழாம் மாதம். இரண்டு முறை ரத்தம் பட்டிருந்ததால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்ததும் அம்மா வருவதாக ஏற்பாடு. அதுவரை சமைக்க, துவைக்க, அக்காவைத் தனியே விடாமல் இருக்க நான்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பஸ் கண்டக்டர். பொழுது போகட்டும் என்று வாடகை நூல் நிலையத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்தார். அட்டையில் பெண் முகம் இருந்ததால் குடும்பக் கதை என்று நினைத்துவிட்டார். பிரித்தால் விண்கப்பல். மல்லாந்து படுத்துப் புத்தகம் பிடித்தால் அக்காவுக்குக் கை வலித்தது; அதனால் நான் வாசித்தேன்.

ஏதோ ஒரு நட்சத்திரத்தை நோக்கிப் போகும் கப்பல். உள்ளே எல்லோரும் எடையில்லாமல் மிதக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி.

"நம்ம மாதிரிதான் அவளும். தரையில கால் வெக்க முடியாது" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு தினமும் சாப்பிட்டு முடித்ததும், "அவ எப்பிடி இருக்கா, படி" என்பாள்.

எனக்கு அந்தக் கதை ஒத்துக்கொள்ளவில்லை. கப்பலின் சுவர் ஒரு தகடுதான், அதற்கு அப்பால் மூச்சுவிடக் காற்றே இல்லை என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை வேகமாக வாசித்துத் தாண்டினேன். அதற்குக் காரணம் கதை மட்டுமல்ல. நான் வந்த அன்றே மாமா என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"நஞ்சுக்கொடி கீழ எறங்கி, கொழந்த வர்ற வழிய அடைச்சிக்கினு இருக்குதாம். எப்ப வேணா ரத்தம் கொட்டுமாம். முன்னாடியே பாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்டணும்னாங்க. உங்கம்மா வந்ததும் கூட்டிக்கினு போலாம். அவகிட்ட சொல்லிடாத. பயந்துடுவா."

அன்றிலிருந்து அக்கா புரண்டு படுத்தாலும் எனக்குத் திக்கென்றது.

ஒரு நாள் சோறு கொதிக்கும்போது அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். வயிற்றுப் பிள்ளையின் நாடித்துடிப்பு தளர்ந்துவருகிறது. கப்பலின் மருத்துவர்கள் கூடிப் பேசி, தாயிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். புத்தகத்தை மூடினேன். அதன் பிறகு பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நானாகக் கதை சொல்ல ஆரம்பித்தேன். கப்பலுக்குள் தோட்டம் போட்டேன். பயிர் என்னவென்று அக்கா கேட்டபோது சட்டென்று மல்லாட்டை என்றேன்.

"வானத்துல மல்லாட்டையா" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். புத்தகம் அக்கா கையில் இருந்தது. குடத்தை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"தோட்டமே இல்லியே இதுல" என்றாள்.

நான் குடத்தை இறக்கி வைத்தேன்.

"அவகிட்ட மறைக்கிறாங்க. பாவம், எல்லாரும் சிரிச்சிப் பேசறத நம்பிக்கினு இருக்கா." புத்தகத்தை மார்மேல் கவிழ்த்து வைத்தாள். "எங்கிட்ட இன்னா மறைக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"உங்க மாமா ஒரு வாரமா என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. சொல்லுடி."

சொன்னேன். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அழுவாள், மயங்கிவிடுவாள் என்று பயந்தேன். அவளோ தலையணைக்கு அடியில் கைவிட்டு, சுருட்டி வைத்திருந்த ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். அதில் ரத்தக்கறை இருந்தது.

"காலையில பட்டுது. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல. படுத்திருந்தா நின்னுடும்னு நெனச்சேன். இப்பிடின்னு தெரிஞ்சிருந்தா அப்பவே கூப்ட்டிருப்பேன்."

பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தார். நல்லவேளை, மாமாவின் வண்டி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. அவர் டாக்ஸியோடு வந்தார். பின்சீட்டில் அக்காவின் தலை என் மடியில். பாண்டி ரோட்டில் கிளியனூர் தாண்டினோம். ஒவ்வொரு பள்ளத்திலும் மாமா திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க" என்றாள் அக்கா.

"தப்புதான்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து, பட்டப்பகலில், டாக்டர்கள் பயந்தது போலவே ரத்தம் கொட்டியது. அங்கேயே இருந்ததால் உடனே ஆபரேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். அம்மா சேதி கேட்டு வந்து சேர்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கும்பிடவும் கை வரவில்லை. வெளியே வந்த நர்ஸ், பெண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மயக்கம் தெளிந்த அக்காவிடம் மாமா அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

குழந்தை பிழைத்தது. வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் பால் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"அந்தக் கதைய முடிச்சியா?"

"முடிச்சேன். இந்த வாட்டி உள்ளத உள்ளபடி சொல்றேன்."

"பிள்ள?"

"செத்துடுச்சி."

"அவ இன்னா பண்ணா?"

"யார்கூடவும் பேசல. கொஞ்ச நாள் கழிச்சி, கப்பல்ல யாருக்கு எந்த நோவு வந்தாலும் அவங்ககிட்டயே மொதல்ல சொல்லணும்னு சண்ட போட்டு சட்டத்த மாத்தினா."

"நல்லா எழுதியிருக்காங்க" என்றாள் அக்கா, குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு.