இருபத்தோராவது குண்டுமணி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசத்து ஞாயித்துக்கிழமை காலையில நடந்தது இது. ஆவடியில ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம்.

எங்க பிளாக் பெண்கள் ஆறு பேர், ஞாயித்துக்கிழமையானா பட்டாபிராம் பக்கம் இருக்கிற ஏரிக்கரைக்குக் கிளம்பிடுவோம். பேருதான் வாக்கிங், பாதி நேரம் நின்னு வேடிக்கை பார்க்கிறதுதான். நான்தான் அதுக்குத் தலைவி. "அதோ முங்கி முங்கி எழுந்திரிக்குதே, அது முக்குளிப்பான்", "ஐயோ, கீரி ஓடுது பாருங்க"ன்னு வாய் ஓயாது. சொடக்குத் தக்காளியை உறையைப் பிச்சு ஆளுக்கு ரெண்டு கொடுப்பேன். கோவைப்பழத்தைக் கிளிக்கு முந்திப் பறிப்பேன். எல்லாரும் என்னை ‘செடி அக்கா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பேரு வந்ததுல இருந்து எனக்குத் தலைகால் புரியல. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி அடிச்சு விடுவேன்.

கரையோர முள்வேலியில குண்டுமணிக் கொடி படர்ந்து கிடக்கும். காய் வெடிச்சு, சிவப்பும் கறுப்புமா மணி எட்டிப் பார்க்கும். அவ்வளவு அழகு! முந்தின வாரம் ஒரு பிடி பறிச்சுட்டு வந்து, ஊசியால ஒவ்வொண்ணா ஓட்டை போட்டு, கீழ் வீட்டுப் பாப்பாவுக்கு வளையல் கோத்தேன். அந்த ஞாயிறுதான் அவளுக்கு முதல் பிறந்தநாள். மொத்தம் இருபத்தோரு மணி. நல்ல காரியத்துக்கு ஒத்தைப்படையிலதான் கோக்கணும்னு எங்க வீட்டுல ஒரு வழக்கம்.

வாக்கிங் கிளம்புறப்பவே கையில போட்டுவிட்டேன். போட்டதும் வாய்க்குக் கொண்டு போயிட்டா. "பல்லு முளைக்குதுக்கா, எதைக் கொடுத்தாலும் கடிக்கிறா"ன்னு அவங்கம்மா சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

ஏரிக்கரையில ஒரு பொண்ணு ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா. முப்பது வயசு இருக்கும். பக்கத்துல ஒரு பழைய மொபெட். அவ ஆடு ஒண்ணு நான் காட்டிக்கிட்டு இருந்த காரைச்செடியில வாய் வச்சுடுச்சு. எனக்கு வந்ததே கோவம்! "ஆட்டை இந்தப் பக்கம் விடாதேம்மா. உங்களாலதான் ஒரு செடி மிஞ்சறதில்ல"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ ஆட்டைத் தள்ளி ஓட்டிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு நான் இன்னொரு பிடி குண்டுமணி பறிச்சேன், பாப்பாவோட அடுத்த கைக்கு. அந்த ஆட்டுக்காரப் பொண்ணு பக்கத்துல வந்தா.

"இன்னாத்துக்குக்கா இது?"

"குழந்தைக்கு வளையல். ஒரு கைக்குப் போட்டாச்சு."

"ஓட்ட போட்டா கோத்த?" அவ முகமே மாறிடுச்சு. "அய்யய்யோ, அது வெசம்க்கா! முழுசா உள்ள போனாலும் வெளிய பூடும். ஓட்ட போட்டதுன்னா ஆளயே சாச்சுரும். எங்கூட்டு கன்னுக்குட்டி இத்த மென்னு துன்னுட்டு மூணாம் நாளு செத்துப்போச்சு."

"பிள்ளையாருக்கே கண்ணு வைக்கிறோம், அது எப்படி விஷம்?"னு அப்பவும் வாதாடினேன் பாருங்க! அவ சட்டுன்னு, "புள்ளையாரு வாயில வெச்சுக்கவாக்கா போறாரு?"ன்னு கேட்டா. பாப்பா கடிச்சுக்கிட்டே டாட்டா காட்டினது கண்ணு முன்னாடி வந்துச்சு. அவங்கம்மாவுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. திரும்பவும் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருக்கு.

"ஏறுக்கா வண்டில"ன்னா அவ. ஆடு என்னாகும்னு கேக்க எனக்குத் தோணக்கூட இல்ல. எங்க பொம்பளைங்கதான், "நாங்க பாத்துக்கிறோம், நீ போ"ன்னு கத்தினாங்க.

குவார்ட்டர்ஸ் கேட்ல வெளியாளைச் சட்டுன்னு விட மாட்டாங்க. அவ கேட்டுக்கு வெளியவே நின்னுட்டா, நான் ஓடினேன். கீழ் வீட்டுல கேசரி வாசனை. மிக்ஸி சத்தத்துல ஃபோன் கேக்கல. பாப்பா பாயில உக்காந்திருந்தா. நூல் அறுந்து மணியெல்லாம் சிதறிக் கிடந்துச்சு. விஷயத்தைச் சொன்னதும் அவங்கம்மாவும் உக்காந்து பொறுக்கினா. எண்ணினேன். இருபது. மறுபடி எண்ணினேன். இருபதுதான்.

ஒத்தைப்படையில கோத்த எனக்கு அந்த ஒண்ணு எங்கேன்னு தெரியல. பாயை உதறினோம், கட்டிலுக்கு அடியில தேடினோம். இல்ல. குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக கேட்டுக்கு ஓடினோம்.

அங்க அவ இன்னும் போகாம நின்னுக்கிட்டு இருந்தா. பாப்பா வீறிட்டு அழுதுச்சு. "ஒரு மணியைக் காணோம்"னேன். "வாய பாத்தியாக்கா?"ன்னு கேட்டா. தேடாத இடமில்லைன்னு நினைச்ச நாங்க அதை மட்டும் பாக்கல. அவ குழந்தையை வாங்கி, மொபெட் சீட்டுல சாச்சு, வாய்க்குள்ள எட்டிப் பாத்தா. "தோ கீது"ன்னு கன்னத்து ஓரத்துல விரலை விட்டு வழிச்சு எடுத்தா. இருபத்தோராவது மணி, எச்சில்ல பளபளன்னு.

நான் அங்கயே தரையில உக்காந்து அழுதேன். ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினாங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. அவங்கம்மா என்னை ஒரு வார்த்தை திட்டல. "ஆசையாத்தானேக்கா செஞ்சீங்க"ன்னு அவ சொன்னதுதான் திட்டை விட அதிகமா வலிச்சுது.

ஏரிக்கரையில ஷூ போட்ட அஞ்சு பொம்பளைங்க ஆட்டுக்குப் பின்னாடி ஓடி ஓடி, ஒரு மணி நேரத்துல நாக்குத் தள்ளிப் போயிருந்தாங்களாம். "நல்லவேள, ஒண்ணும் காணாப் பூடல"ன்னு ஆட்டுக்காரப் பொண்ணு திரும்பிப் போய் எண்ணிப் பாத்துச் சிரிச்சாளாம். அடுத்த ஞாயிறு நானே தேடிப் போய் மன்னிப்பு கேட்டேன். "அட போக்கா, கொழந்த நல்லா கீதா?"ன்னுதான் கேட்டா.

இப்பவும் ஞாயித்துக்கிழமை நடக்கப் போறோம். புதுசா ஒரு பழத்தைப் பாத்தா, "தெரியல, வாங்க அவளைக் கேப்போம்"னு சொல்றேன். ‘எனக்குத் தெரியும்’னு வாய் வரைக்கும் வர்றப்பல்லாம், நான் வாயைத் திறந்து விரட்டினவளோட விரல்தான் அந்தக் குழந்தை வாயில இருந்து நான் வச்ச விஷத்தை எடுத்துச்சுங்கிறது ஞாபகம் வந்து, பேச்சு தானா நின்னுடுது.