சென்னகேசவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

பவானி ஆற்றுக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, மஞ்சளும் பருத்தியும் விளைகிற மண் அத்தனையையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இளவேனிலைப்போல் ஒரு வீராங்கனை கிடைக்கமாட்டாள். அவள் ஒருமுறை முறைத்தால் சாயப்பட்டறைப் புகைபோக்கி விட்ட புகையைத் திரும்ப விழுங்கிக்கொள்ளும். அவள் தும்மினால் சத்தியமங்கலம் காட்டில் யானைக்கூட்டம் ஒதுங்கி நின்று வழிவிடும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவள் செருப்பைக் கழற்றினால் போதும், உள்ளே தூங்குகிற ஃபைலெல்லாம் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விடும்.

இப்படித்தான் ஊற்று மாணவர் சங்கத்தின் நோட்டீஸில் ஆரிஃப் எழுதியிருந்தான். நல்லவேளையாக, கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் இருந்த அச்சகத்துக்கு அது போவதற்குள் இளவேனில் கையில் சிக்கிவிட்டது.

"ஏன்டா, மாரியாத்தாளுக்குப் பாட்டுக் கட்டுனயா, எனக்கு எழுதுனயா?" என்று கேட்டாள். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகக் கிழித்தாள். சாயப்பட்டறைக் கழிவு ஓடையில் இறங்குகிறது, ஓடையிலிருந்து கிணற்றில் இறங்குகிறது, கிணற்றிலிருந்து காலனிக் குழந்தைகளின் வயிற்றில் இறங்குகிறது என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஆரிஃபுக்கு அதில் சுவையே இல்லை. ஒரு யானையாவது இருந்திருக்கலாம்.

உள்ளபடி சொன்னால் இளவேனில் குள்ளம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுப்பாள். கருமத்தம்பட்டிக்குத் தெற்கே ஓடையை ஒட்டிய காலனியில் வீடு. அப்பா நஞ்சப்பன் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டியவர், இப்போது அடுத்தவர் தறியை ஓட்டுகிறார். அம்மா சின்னத்தாயி சாயப்பட்டறையில் சாயம் ஏற்றிய நூல் கற்றைகளை, அதாவது சிட்டங்களை, அலசுகிறவள்; என்ன நிறம் ஓடுகிறதோ அந்த வாரம் அவள் கை அந்த நிறம். இளவேனில் கோயமுத்தூரில் விடுதியில் தங்கி வேதியியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இதில் காவியம் பாட எதுவுமில்லை. ஆனால் அவளிடம் ஒரு குணம் உண்டு. பட்ட அவமானத்தை வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஊர் டீக்கடை அதைப் பார்த்துவிட்டது. காலனிக்காரர்களுக்கென்று கூரையில் செருகியிருந்த தனிக் கிளாஸில் அவளுக்கு ஒரு நாள் டீ கொடுத்தார்கள். குடித்தாள், கழுவி வைத்தாள், வந்துவிட்டாள். அடுத்த வாரம் பரீட்சை முடிந்த அன்று, வகுப்பே அவள் பின்னால் திரண்டு கடைக்குள் நுழைந்தது. மேலத்தெருப் பையன்கள் தனிக் கிளாஸில் குடித்தார்கள், காலனிப் பிள்ளைகள் மற்றதில் குடித்தார்கள், குடித்த கிளாஸையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டுக் கலக்கிவிட்டார்கள். எது எந்தக் கிளாஸ் என்று கடைக்காரருக்கே தெரியாமல் போனது. மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு, பிறகு எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்தார். கெஞ்சிக் கேட்டு நடக்காதது கிறுக்குப் பிடிக்கவைத்தால் நடக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ஆனால் சென்னகேசவன் டீக்கடைக்காரர் இல்லை. சாயப்பட்டறை முதலாளி. தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஊராட்சித் தலைவருக்கு நின்றார். அதற்கு முந்தைய சித்திரையில் சங்கத்துப் பிள்ளைகள் கிணற்று நீரைக் கல்லூரியில் சோதித்து, மனு எழுதி, அவரிடமே நேரில் கொடுக்கப் போயிருந்தார்கள். அவர் மனுவைப் பிரிக்கவில்லை. சிட்டம் அலசிக்கொண்டிருந்த சின்னத்தாயியைக் கூப்பிட்டார். பட்டறை மொத்தமும் பார்க்க, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உன்ற புள்ள தண்ணிக்கு டெஸ்ட் வெக்குதாமா? அடப் போ சின்னத்தாயி. உங்க சனத்துக்கு எந்தத் தண்ணியும் செமிக்கும்."

சின்னத்தாயி ஊதா நிறக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இளவேனில் அந்தக் கையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் மனு எதுவும் எழுதவில்லை.

புரட்டாசியில் ஓட்டுக் கேட்டு அவர் காலனிக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் ஆரிஃப் இரண்டடி பின்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

ஆரிஃப் யாரென்று சொல்லிவிடலாம். கோயமுத்தூர் கோட்டைமேட்டுப் பாத்திரக்கடை மைதீன் பிச்சையின் மகன். பாலிடெக்னிக்கைப் பாதியில் கைகழுவியவன். மாணவர் சங்கத்தில் மாணவன் அல்லாத ஒரே உறுப்பினர். கோஷம் எழுதுவது, அதிகாரிகளின் ஜீப்பில் 'இந்த வண்டி மனுவால் ஓடுகிறது' என்று ஒட்டுவது, அடி விழும்போது ஓடுவது எல்லாம் அவன் பொறுப்பு.

"ஊட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல என்ன குடுப்போம்?" என்று இளவேனில் கேட்டாள்.

"தண்ணி."

"வாங்கிக் குடிக்கலைன்னா?"

"அந்த ஊட்டோட சங்காத்தமே வேண்டாம்னு அர்த்தம்."

"அதேதான். கெணத்துத் தண்ணிய ஒரு சொம்புல குடுப்பேன். குடிச்சா, அவரு சாயத்த அவரே குடிக்கட்டும். வேண்டாம்னா ஏன்னு கேப்பேன். எங்க கையில வாங்க மாட்டீங்களா, இல்ல தண்ணி கெட்டதுங்களா? ரெண்டுல எதச் சொன்னாலும் சாயந்தரம் பேப்பர்ல வந்துபோடும்."

"குடிக்க மாட்டாருங்க தலைவி. எங்கப்பன் கடையவே பந்தயம் வெக்கறேன். உன்னையக் குடிச்சுக் காட்டச் சொல்லுவாரு."

"குடிச்சுக் காட்டறேன். குடிக்காமலா இத்தன வருசம் வளந்தேன்?"

ஆரிஃப் தலையைச் சொறிந்தான். முந்தின மாதம் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்த ஒரு குழந்தையே ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தது. காலனியே இப்போது ஒரு மைல் நடந்து தோட்டத்துப் பம்ப்செட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. கிணற்றுப் பக்கம் ஆடுகூடப் போவதில்லை.

சின்னத்தாயியிடம் மட்டும் இளவேனில் தயங்கியபடி சொன்னாள். "அம்மா, உன்ற வேல போயிரும்."

சின்னத்தாயி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தாளு குடிக்கையில நான் எங்க நிக்கோணும், அதச் சொல்லு கண்ணு" என்றாள். "நல்லாத் தெரியற எடமாப் பாத்துச் சொல்லு."

பித்தளைச் சொம்பு என்று முடிவானது. எவர்சில்வரில் கிணற்று நீரின் செம்பழுப்புத் தெரிந்துவிடும். பழைய பித்தளைக்குள் எந்தத் தண்ணீரும் ஒரே நிறம். காலையில் கிணற்றில் சேந்திச் சொம்பைத் தயாராக வைக்கிற வேலையை ஆரிஃப் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். மற்றவர்கள் பந்தல் கட்டவும் பேப்பர் நிருபரைக் கூட்டிவரவும் போனார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சென்னகேசவன் ஜீப்பில் வந்து இறங்கினார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு, பின்னால் கரைவேட்டிகள். கும்பிட்டபடியே நஞ்சப்பன் வாசலுக்கு வந்தபோது இளவேனில் இரண்டு கையிலும் சொம்பை ஏந்தி நின்றாள்.

"வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

அவர் சொம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நிருபரையும் பார்த்துவிட்டார்.

"புரட்டாசிச் சனிக்கெழம கண்ணு. வெரதம்."

"பச்சத்தண்ணிக்கு எந்தச் சாமியுங்க கோவிச்சுக்கும்?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சென்னகேசவன் சுதாரித்துக்கொண்டார். "எந்தக் கெணத்துத் தண்ணி?"

"நம்ம ஓடைக் கெணறுதானுங்க. உங்க பட்டறைக்குக் கீழ இருக்குதுங்களே, அது."

"அப்படியா. நல்லதா கெட்டதான்னு படிச்ச புள்ள நீதான சொல்லோணும். நீ மொதல்ல குடி அம்மணி, பாக்கலாம்."

சின்னத்தாயி ஒரு அடி முன்னால் வந்தாள். ஆரிஃப் பந்தல் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

இளவேனில் சொம்பைத் தூக்கி அண்ணாந்தாள். உப்பும் கசப்பும், நாக்கில் பசைபோல் ஒட்டுகிற அந்த வழவழப்பும் இறங்கும் என்று பல்லைக் கடித்திருந்தாள். இறங்கியது இனிப்பு. விடுதிக் குழாயில் தினமும் குடிக்கிற அதே இனிப்பு. கோயமுத்தூருக்கு மலையிலிருந்து வருகிற சிறுவாணித் தண்ணீர்!

யாரோ மாற்றியிருக்கிறார்கள். 'இது எங்கள் தண்ணீர் இல்லை' என்று இப்போது சொன்னால், அவள் கிணற்றைப்பற்றிச் சொன்னது எல்லாமே நாடகம் என்றாகிவிடும். சொல்லாவிட்டால் இந்த ஆள் குடித்துவிடுவார். ஆறு மாதம் நெஞ்சில் ஊதி ஊதி வளர்த்த நெருப்பை யாரோ ஒரு கை நல்ல தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டார்கள். அவள் முகத்தை அசைக்காமல் சொம்பை நீட்டினாள்.

குடித்தவள் துப்பவில்லை, முகம் சுளிக்கவில்லை. எல்லாக் கண்ணும் இப்போது சென்னகேசவன்மேல் இருந்தது. அவர் சொம்பை வாங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் ஊற்றினார். கண்ணைத் திறந்தார். இன்னொரு வாய் ஊற்றினார். பிறகு கடகடவென்று மிச்சத்தையும் குடித்து, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தீங்களா!" என்றார். குரல் ஏறிவிட்டது. "சாயத் தண்ணி, வெசத் தண்ணின்னு எத்தன நோட்டீசு! கல்கண்டாட்டம் இருக்குது. என்ற ஊட்டுத் தண்ணிக்குக்கூட இந்த ருசி கெடையாதுங்க. எழுதிக்கங்க தம்பி!"

நிருபர் எழுதிக்கொண்டான். கரைவேட்டிகள் கைதட்டினார்கள். சங்கத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தார்கள். சின்னத்தாயி மகளைத்தான் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் இளவேனிலை உலுக்கியது. சென்னகேசவன் கடைசியாகச் சொன்னது அப்போதுதான் அவள் காதில் முழுதாக விழுந்தது.

"ஏனுங்க, உங்க ஊட்டுத் தண்ணியவிட நல்லா இருக்குதுங்களா?"

"சத்தியமா கண்ணு."

"இன்னைக்கு உங்க ஊட்டுல பெருமாளுக்குத் தளிகை போட்டு விருந்துன்னு கேள்விப்பட்டேனுங்க. சொந்தமெல்லாம் வந்திருக்கும். நாங்களே ரெண்டு கொடம் கொண்டாந்து தாரோமுங்க."

"அதெல்லாம் எதுக்கு அம்மணி, சிரமம்."

"நல்ல தண்ணிதானுங்களே?"

நிருபரின் பேனா காத்திருந்தது. "நல்ல தண்ணிதான், நல்ல தண்ணிதான்" என்றார் சென்னகேசவன். குரல் இறங்கியிருந்தது.

காலனி அப்படியே கிணற்றடிக்குத் திரண்டது. இளவேனில்தான் கயிற்றை முதலில் தொட்டாள். தொட்டவள் ஒரு கணம் நின்று விரல் நுனிகளைப் பார்த்தாள். பிறகு சேந்தத் தொடங்கினாள். இரண்டு எவர்சில்வர் குடங்களில் செம்பழுப்பாகத் தண்ணீர் நிரம்பியது.

முதலாளி வீட்டு வாசலில் வாழைமரமும் மாவிலையும் கட்டியிருந்தது. பந்தியில் உட்காரப்போன சொந்தக்காரர்கள், குடத்தோடு வந்த கூட்டத்தைக் கண்டு வெளியே வந்தார்கள். கூட்டத்தின் பின்னாலேயே சென்னகேசவனும் ஜீப்பில் வந்து இறங்கினார், நிருபரும் வந்தான். இளவேனில் கேட்டுக்குள் காலை வைக்கவில்லை. வெளியிலேயே ஒரு பெஞ்சைப் போட்டு, கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினாள். பால் இல்லாத டீ மாதிரி இருந்தது.

"ஐயா இப்பத்தான் எங்க காலனியில ஒரு சொம்பு குடிச்சாருங்க. கல்கண்டாட்டம் இருக்குதுன்னு சொன்னாருங்க. நீங்களும் எடுத்துக்கங்க."

சென்னகேசவனின் மாமனார் சுந்தரராஜுலு ஒரு டம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது. "மாப்பிள்ள, இதயா குடிச்சீங்க?"

இது அந்தத் தண்ணீர் இல்லை என்று சென்னகேசவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? இது காலனியே பார்க்கக் கிணற்றில் சேந்தியது; கிணறு கெட்டது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக அல்லவா ஆகிவிடும்! நாமம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா இன்னொருக்கா குடிச்சுக் காட்டட்டுமே" என்று காலனிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

இதற்குள் வீட்டு வேலைக்காரி செல்லாத்தாள், முதலாளிக்கு உதவுவதாக நினைத்து ஒரு குடத்தைத் தூக்கித் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். முதலாளியம்மா மாடியிலிருந்து பதறிப்போய்க் கத்தினாள்:

"அடியே, முருங்கைக்கு ஊத்தீராத! மரம் பட்டுப்போகும்!"

தெரு முழுக்கக் கேட்டது. நிருபர் பக்கத்தைத் திருப்பினான்.

முதலில் சிரித்தது சின்னத்தாயி. கையை மறைக்காமல், இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிரித்தாள். "மரத்துக்கே செமிக்காதுங்களாமா?" என்று கேட்டாள். பட்டறை மேஸ்திரி கேட்டோரம் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் முணுமுணுத்தான். "நீ கூப்புட்டாலும் வந்திருக்க மாட்டேன் போடா" என்றாள்.

இளவேனில் அந்த இடத்தைவிட்டு உடனே நகரவில்லை. சென்னகேசவன் தலையைக் குனிந்து உள்ளே போய்க் கதவு சாத்துகிறவரை நின்று, ஆசைதீரப் பார்த்தாள். பழிவாங்குவது பாவம் என்று சொல்கிறவர்கள் அந்த முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். திருவிழாக் கடையில் கேட்ட பொம்மை கிடைத்த குழந்தையின் முகம்.

திரும்பும் வழியில் மற்றவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். ஆரிஃப் தன் டிவிஎஸ் வண்டியை உருட்டிக்கொண்டு, வேண்டுமென்றே பின்தங்கினான். இளவேனிலும் பின்தங்கினாள்.

"கெணத்துக் கயிறு காஞ்சு கெடந்துச்சு."

"வெயிலுங்க தலைவி. என்னா வெயிலு!"

"வாளிக்குள்ள சிலந்தி கூடு கட்டியிருந்துச்சு. காத்தால யாருமே சேந்தல."

"சிலந்தி ரொம்பச் சுறுசுறுப்பான பூச்சி."

"கோட்டமேட்டுல இருந்து சிறுவாணித் தண்ணியக் கேன்ல கட்டிட்டு வந்திருக்கறே. எல்லாத்தையும் கெடுக்கப் பாத்தே."

"சேச்சே. ஓட்டுக் கேக்க வந்த மனுசன். வயித்தால போச்சுன்னா நாளைக்கு நம்ம மேல கேசு. சங்கத்தோட நல்ல பேரு..."

"அவரு குடிக்க மாட்டாருன்னு உங்கப்பன் கடையப் பந்தயம் கட்டுனவன் நீ."

ஆரிஃப் வண்டியில் தாவி ஏறி உதைத்தான். அது இருமியது. மறுபடி உதைத்தான்.

இளவேனில் சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள்.

"அவரு குடிக்க மாட்டாரு, நாந்தான் குடிப்பேன்னு தெரிஞ்சுதான் மாத்துனே. எறங்கு" என்றாள். "எறங்கி என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு, யாரு வயித்துக்குடா பயந்தே?"