ஐந்து நாள் பிடித்த பின்தகடு

தகட்டில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக் தர்மலிங்கம். 1943-இல், ஜப்பானியர் பிடித்திருந்த மலாயாவின் பீடோங் வட்டாரத்தில் இத்தனை அக்கறையாக நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் பாக்கியம் லாரிகளுக்கு மட்டுமே வாய்த்தது. மனிதர்களுக்கு மருந்தே இல்லை.

சக்கரத்துக்குள் பிரேக் கட்டைகளைத் தாங்கும் பின்தகடு அது. தேய்ந்து பள்ளம் விழுந்தால் கட்டை அதில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் இறக்கத்தில் லாரி நிற்பது டிரைவரின் குலதெய்வம் பார்த்துச் செய்வது. புதுத் தகடு எங்கும் கிடைக்காது. ரப்பர்ப் பால் ஷீட்டுகளைக் காயவைக்கும் தோட்டத்துப் புகைவீட்டின் இரும்புக் கதவை வெட்டி, துளை போட்டு, அரத்தால் ராவுவார். மேலே நகத்தை ஓட்டிப் பார்ப்பார். சிக்கினால் மறுபடி அரம். "நகம் மாட்டுனா உசுரு மாட்டும்லா" என்பார். மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்கிற மனிதருக்கு வேலையில் மட்டும் அப்படியொரு நாக்கு.

அந்த வாரம் அக்கறை அளவு மீறிற்று. முடித்த தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வெட்டினார். பட்டறையில் நின்ற லாரி, ஜப்பானியர் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போக வந்தது. பட்டியலில் தம்பி பழனியாண்டி பெயரும் இருந்தது. முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

நான்கு நாள் பொறுத்த ஜப்பானியச் சிப்பாய், ஐந்தாம் நாள் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துப் பேரரசின் அவசரத்தை விளக்கினான். நாளைக் காலை லாரி ஓட வேண்டும்.

தம்பி பட்டறைக்கு வந்தான். "அண்ணே, கோணலா மாட்டிருண்ணே. மேட்டு எறக்கத்துல போய்ச் சேரட்டும் அவன்."

"அவன் முன்னால குந்தியிருப்பான். பின்னால நாப்பது பேருடா. ஒங்கப்பனா வந்து பிரேக்கு புடிப்பான்?"

"ஒனக்கும் அவருதாண்ணே அப்பன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அண்ணன் சொன்னார்: "ஓடிப்போயிருடா."

"நான் ஓடுனா ஒன்னைய ஏத்துவானுங்க."

தர்மலிங்கம் அரத்தை எடுத்தார். அவர் ஆயுளில் செய்ததிலேயே உத்தமமான தகடு அன்றுதான் உருவாயிற்று. காலையில் ஓட்டிப் பார்த்தபோது லாரி, சொன்ன இடத்தில் நின்றது. சிப்பாய் "பாகுஸ்" என்று பாராட்டி ஒரு சிகரெட்டும் தந்தான்.

நாற்பது பேரும் ஏறினார்கள். பின்பலகையில் இரண்டு தட்டுக் கேட்டால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். தட்டுவது மெக்கானிக்கின் வேலை. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பழனியாண்டியின் கால் ஒன்று வெளியே தொங்கிற்று. தர்மலிங்கம் அதைப் பிடித்து மெதுவாக உள்ளே எடுத்து வைத்தார். பிறகு இரண்டு தட்டு தட்டினார்.