காரமில்லாத ஆணம்

எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த வெள்ளைக்காரம்மா எங்களைவிடக் கறுப்பாக இருந்தார். குழப்பம் அங்கேதான் தொடங்கியது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது அன்று காலையில் அத்தா போன் செய்தபோதே தொடங்கிவிட்டது.

அத்தா சவூதியில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, காரைக்குடியில் ஒரு கார் வாங்கி, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. நான் நாலாம் வகுப்பு படித்தேன். பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் காலையில், தன் வண்டியில் வந்திருக்கும் வெள்ளைக்காரம்மாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மத்தியானம் வீட்டுக்கு அழைத்து வருகிறேன் என்று போனில் சொன்னார்.

"கூட்டியாங்க, கூட்டியாங்க. கறி எடுத்தாரச் சொல்றேன்" என்றாள் அம்மா.

அதற்கு அத்தா என்ன சொன்னாரோ, அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. "கறி ஆகாதா? சரி, மீனு? அதுவும் ஆகாதா. முட்டை? பாலுமா ஆகாது? தயிரு, நெய்யி? தேனு கூடவா?" கடைசியில் காரமும் ஆகாது என்று தெரிந்ததும் அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தாள். "அப்ப அந்தம்மா என்னத்தத்தாங்க திங்கும்?"

அத்தாவின் அக்காவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமா மவுத்தான பிறகு மாமி எங்களோடுதான் இருந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வகுத்துப்புண்ணுக்காரியா இருக்கும். மருந்து திங்கிறவுகளுக்குத்தான் இம்புட்டுப் பத்தியம்" என்று முடிவாகச் சொன்னாள். நான் உடனே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரி காரிலிருந்து இறங்குவதைக் கற்பனை செய்துகொண்டேன்.

குழம்பை எங்கள் வீட்டில் ஆணம் என்போம். ஆட்டுக்கறி போட்டு, தயிர் ஊற்றி, பச்சை மிளகாய் அரைத்து அம்மா வைக்கும் வெள்ளை ஆணத்துக்குத் தெருவிலேயே பேர் உண்டு. அதையே கறி இல்லாமல், தயிர் இல்லாமல், மிளகாய் இல்லாமல் வைத்துவிடுவது என்று தீர்மானித்தாள். "அதுல அப்பறம் என்ன இருக்கு?" என்று மாமி கேட்டது நியாயமாகத்தான் பட்டது. உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் இருக்கும், தேங்காய்ப்பால் இருக்கும் என்றாள் அம்மா.

"பால் ஆகாதுன்னு சொன்னாகளேம்மா?" என்று கேட்டேன்.

அம்மா கையில் தேங்காயோடு அப்படியே நின்றுவிட்டாள். மூவரும் கொஞ்ச நேரம் அந்தத் தேங்காயையே பார்த்தோம். அம்மா அத்தாவுக்குப் போன் போட்டாள். அத்தா அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, "மாட்டுப் பாலுதான் ஆகாதாம். தேங்காப்பாலுக்குத் தோசமில்லையாம்" என்று சொன்னார். நான் கேட்ட கேள்வி ஒரு வெளிநாட்டுக்காரர் வரை போய்த் திரும்பியதில் எனக்குப் பெருமை.

காரம் சமைத்தே பழகிய கை அம்மாவுடையது. அது தன்னால் பச்சை மிளகாய்க் கூடைக்குப் போகும். வழியில் நினைவு வந்து திரும்பும். முந்தின நாள் மிளகாய் அரைத்த மிக்சி ஜாரைக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவினாள்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு ஓடினேன். பின் கதவைத் திறந்து ஒரு அக்கா இறங்கினார். கறுத்த, மெலிந்த உடம்பு. சுருட்டை முடி. சந்தைப்பேட்டைப் பக்கம் நடந்து போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வழியில் ஏறிக்கொண்ட ஆள் போலிருக்கிறது என்று நினைத்து, அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரம்மா இறங்குவதற்காகக் காத்திருந்தேன். யாரும் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும் கிடந்தது.

"வாம்மா, எந்த ஊரு?" என்று மாமி சாதாரணமாகக் கேட்டாள். அந்த அக்கா சிரித்துக்கொண்டே அத்தாவைப் பார்த்தார். அத்தா சவூதியில் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"அவகளுக்குத் தமிழ் தெரியாதுக்கா" என்றார் மாமியிடம்.

"தெரியாதா? மூஞ்சியப் பாத்தா கண்டனூர்ல கட்டிக் குடுத்த நம்ம சொந்தக்காரப் புள்ள மாதிரியில்ல இருக்கு!"

எனக்கும் நம்பிக்கையில்லை. எங்களைப் போலவே இருந்துகொண்டு தமிழ் தெரியாது என்றால் என்ன அர்த்தம்? எதற்காகவோ நடிக்கிறார் என்று தோன்றியது. அவர் செருப்பைக் கழற்றக் குனிந்திருந்தபோது பின்னால் போய் நின்று, "அக்கா, பாம்பு!" என்று கத்தினேன். மாமி துள்ளி எழுந்தாள். அத்தா வாசலுக்கு ஓடி வந்தார். அந்த அக்கா மட்டும் மெதுவாகத் திரும்பி, நான் ஏதோ வணக்கம் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியானால் உண்மையிலேயே தெரியாதுதான். அது தெரிந்த பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

வந்தவர் உட்காராமல், சமைப்பதைப் பார்க்க வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டார். விருந்தாளியை அடுப்படிக்குள் விட அம்மாவுக்குக் கூச்சம். ஆனாலும் விட்டாள். துருவியில் தேங்காய் துருவக் கொடுத்தபோது அவர் மூடியைப் பிடித்த விதத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பின்னால் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, எனக்குச் சொல்லித் தருவது போலவே சொல்லித் தந்தாள். ஒருவர் தமிழில் பேசினார், மற்றவர் வேறு பாஷையில் பேசினார். வேலை நடந்துகொண்டிருந்தது.

கடலை எண்ணெயில் பட்டையும் கிராம்பும் கல்பாசியும் விழுந்து வாசம் கிளம்பியதும் அந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். சட்டிக்கு மேலே குனிந்து நின்றார். புகை கண்ணில் படும் என்று அம்மா தோளைப் பிடித்து விலக்கினாள். மறுபடியும் வந்து குனிந்தார்.

இடியாப்பத்தோடு ஆணத்தை ஊற்றி வைத்தோம். கரண்டி கொடுத்தும் வாங்காமல், எங்களைப் பார்த்துக் கையால் பிசைந்து, பாதியைச் சிந்திப் பாதியை வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

"காரம்!" என்று மாமி அலறினாள்.

வீடே கலவரமானது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். மாமி ஒரு தம்ளர் பாலைக் கொண்டுவந்து, பால் ஆகாது என்பது நினைவு வந்து திரும்ப ஓடி, சீனி டப்பாவோடு வந்தாள். அம்மா, "அல்லா மேல ஆணையா நான் ஒரு மொளகா போடல" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். அவள் கண் மாமி பக்கம் போனது. "மதினி, நான் தொழுகப் போனப்ப நீங்க ஏதும் கீறிப் போட்டீகளா?"

"நான் எதுக்குப் போடுறேன்? ஒன் மிக்சிய நீ ஒழுங்காக் கழுவியிருக்க மாட்ட!"

நான் ஒரு விரலால் ஆணத்தைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பும் இனிப்புமாக, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற சோறு மாதிரி இருந்தது. "உறைக்கவே இல்லம்மா" என்றேன். யாரும் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அந்த அக்கா, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே இன்னொரு வாய் சாப்பிட்டார். உறைத்தால் யாராவது மேலும் மேலும் சாப்பிடுவார்களா?

அத்தா அம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தா தணிந்த குரலில் பேசியதில் "கல்லல் ஸ்டேஷன்" என்பதும் "காலையிலருந்து அங்குட்டுத்தான் தேடிக்கிட்டு அலையுறோம்" என்பதும் மட்டும் காதில் விழுந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சரி, பையைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது, அதுதான் அழுகிறார் என்று புரிந்துகொண்டேன். பையைத் தொலைத்த நாளில் எனக்கும் சோறு இறங்கியதில்லை.

உள்ளே வந்த அம்மா அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, இடியாப்பத்தைப் பிசைந்து உருண்டை பிடித்து அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவ்வளவு பெரிய ஆள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எனக்கு வெட்கமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எனக்கு ஊட்டுவதை அம்மா ஒன்றாம் வகுப்போடு நிறுத்தியிருந்தாள்.

கோபித்துக்கொண்டு மூலையில் நின்ற மாமியிடம் அத்தா ஏதோ சொன்னார். மாமி வந்து அந்த அக்காவின் கன்னத்தைத் தடவி, "யாரு பெத்த புள்ளையோ" என்றாள். தெருவில் யாரைப் பார்த்தாலும் மாமி அப்படித்தான் சொல்வாள். ஆனால் அன்று அதைச் சொன்னதும் அத்தா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த அக்கா ஊரில் இருந்த நாளெல்லாம் அம்மா அதே ஆணத்தை வைத்து டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினாள். அத்தாவும் அவரும் கல்லல் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகிற அன்று வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். "போயிட்டு வா" என்றாள் அம்மா. அவரும் அதை அப்படியே திருப்பி, "போய்ட்டு வா" என்று அம்மாவிடம் சொன்னார். நான் விடுவேனா? "நீங்க, போயிட்டு வாறேன்னு சொல்லணும்" என்று திருத்தினேன். அவர் அதைப் பலமுறை சொல்லிப் பழகிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாக "வாறேன், வாறேன்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்து சில நாளே ஆன குழந்தையாக, துணியில் சுற்றி, கல்லல் ரயில்வே ஸ்டேஷனில் கிடந்தவராம் அந்த அக்கா. யாரோ எடுத்து ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்து வெளிநாட்டுத் தம்பதி கொண்டுபோய் வளர்த்தார்கள். அந்த ஸ்டேஷன் பெயரைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. பெற்றவளைத் தேடி வந்திருந்தார். சாப்பிடும்போது ஏன் அழுதார் என்று அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. "வாசமா இருக்கும்" என்றாள். அப்புறம், "ஊட்டுனப்பதான் ரொம்ப அழுதுச்சு" என்றாள். மாமி மட்டும் மவுத்தாகும்வரை அது மிக்சி ஜாரில் ஒட்டியிருந்த மிளகாய்தான் என்று சாதித்தாள்.

அதெல்லாம் பிறகு. அந்த அக்காவைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அத்தா திரும்பி வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, எனக்கு இருந்தது ஒரே கவலைதான்.

"அந்த அக்கா தேடுனது கெடச்சிருச்சாத்தா?"

"இல்ல தாயி."

"என்னத்த தொலைச்சாக?"

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவக ஒண்ணும் தொலைக்கல தாயி" என்றார்.

தொலைக்காதவர் எதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்து தேட வேண்டும்? அத்தாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் தொலைத்த பென்சில் டப்பா எங்கே இருந்து கிடைத்தது என்பது நினைவுக்கு வந்தது.

"ஸ்டேஷன்ல பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு பாத்தீகளா?" என்று கேட்டேன்.

அத்தாவின் கை தட்டிலேயே நின்றது.

"பாத்தோம் தாயி" என்றார். "அந்தப் புள்ள அங்கயேதான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்துச்சு."

அப்படிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று அத்தாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நான் விளையாடப் போனேன்.