காலண்டர் படம் போடக் கூடாத நேரங்கள்

காலண்டர் ஆர்டர் விழவில்லை. படம் நன்றாகத்தான் இருந்தது. போட்ட நேரம் தப்பு.

தினசரி காலண்டர் தொழில் இவ்வளவுதான்: ஆடிப் பெருக்கில் மாதிரிப் படங்களோடு ஆல்பம் வெளிவரும், கார்த்திகைக்குள் ஆர்டர் பிடிக்காதவன் தை மாதம் எடைக்குப் போடுவான். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறி இறங்கியவன் நான். 2009இல் முழங்கால் போதும் என்றது. வெளியூரில் கடை வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்கள் நெட்டில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் படம் போட்டே ஆர்டர் பிடிக்கலாம் என்றான் என் பிரஸ்ஸில் டிசைன் போடும் கனகராஜ். போட்டேன். போட்டுவிட்டு, எவனாவது கீழே ஒரு வரி எழுதுவானா என்று திரையையே முறைத்துக்கொண்டிருக்கும் வியாதி உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள்.

பைண்டிங்கில் ஆறு பெண்கள். பட்டாசு ஆலையில் வெடி விபத்தைப் பார்த்துப் பயந்து என்னிடம் வந்தவர்கள். ஆர்டர் இல்லையென்றால் திரும்ப அங்கேதான் போக வேண்டும். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

எமகண்டம் கழித்து

நல்ல நேரத்தை அச்சடித்து ஊருக்கே விற்கிறவன், கெட்ட நேரத்தில் போடுவேனா? ராகு காலம் கழித்தேன், எமகண்டம் கழித்தேன், குளிகையும் கழித்தேன். கனகராஜ் கை மவுஸில், என் கண் கடிகாரத்தில். "இப்ப அமுக்குலே" என்பேன். அமுக்குவான்.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்கள் போடும் கல்யாணப் படமும் கார் படமும் மேலே ஏற ஏற, என் காலண்டர் அடியில் போய்விட்டது. யார் தோண்டிப் பார்ப்பார்கள்? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கனகராஜ் திரும்பாமலே கேட்டான்: "அண்ணாச்சி, பம்பாய்க் கடைக்காரகளும் நம்ம காலண்டரப் பாத்துட்டுத்தான் கம்ப்யூட்டரத் தொறப்பாகன்னு நெனச்சீகளா?"

ஆடிக் கடைசி வெள்ளி

சரி, கூட்டம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடுவோம் என்று முடிவு செய்தேன். இருக்கன்குடித் திருவிழா அன்று குழு முழுக்க அக்கினிச்சட்டியும் பொங்கலுமாக இருந்தது. நடுவில் என் மாரியம்மன் டிசைனைப் போட்டேன். மளமளவென்று கீழே எழுத ஆரம்பித்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். 'ஓம் சக்தி'. 'தாயே காப்பாத்து'. 'ஓம் சக்தி'. விலை எவ்வளவு என்று ஒருவன் கேட்கவில்லை. அது காலண்டர் என்றே யாரும் கவனிக்கவில்லை.

பைண்டிங்குக்குத் தலைமையான வேலம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டுப் பேரும் கும்புட்டுட்டுப் போயிட்டாக. ஒருத்தராச்சும் உண்டியல்ல போட்டாகளா, அண்ணாச்சி?"

அவள் சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரமே பட்டாசு ஆலையிலிருந்து தீபாவளி சீசனுக்கு ஆள் கேட்டு அவள் வீட்டுக்கு வந்து போயிருந்தார்கள்.

கரண்டு

ஒருநாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் போட்டுவிட்டேன். போட்டதும் சேலத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விலை கேட்டார். பதில் அடிக்க உட்காருகிறோம், கரண்டு போய்விட்டது. எங்கள் தெருவில் மத்தியான மின்வெட்டு நீளம். பிரஸ்ஸுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தால்தானே?

கரண்டு வந்து, பதில் எழுதி, அவர் நம்பர் வாங்கிக் கூப்பிட்டபோது வேறு பிரஸ்ஸில் சொல்லி முடித்திருந்தார். கோபப்படக்கூட இல்லை. "பெரியவரே, கூப்பிட்டா ஆள் வராத கடையில எவன் நிப்பான்?" என்றார்.

விடிந்தும் விடியாமலும்

மிச்சம் இருந்தது காலை. கரண்டு இருக்கும். கடை திறக்கிறவன் கண்ணில் முதலில் நம் படம்தான் படும் என்று கணக்குப் போட்டேன். தினமும் போட்டேன். தினமும் ஒன்றும் இல்லை.

புரட்டாசியும் பாதி போயிற்று. வேலம்மா வந்து நின்றாள். "ஆலைக்கு நாளைக்குப் பதில் சொல்லணும்" என்றாள். போனை எடுத்துப் பெங்களூருக்குப் போட்டேன். அங்கே செண்பகம் என்று ஒரு அம்மா. நம் விருதுநகர்தான். பாத்திரக்கடை. நான் வருஷா வருஷம் ஆல்பம் கொண்டு போன கடை. படத்தைப் பார்த்தீர்களா இல்லையா என்று நேராகக் கேட்டேன்.

"பாக்காம என்ன? கடையத் தொறந்து சாம்பிராணி போட்டு நிமிந்தா எதுத்தாப்புல நீங்க நிக்கீக! ஆல்பம் தூக்குன காலத்துல, போணி ஆகுமுன்ன ஒரு நாளாச்சும் எங்க படி ஏறியிருப்பீகளா? மொத யாவாரம் நடக்காம எந்தக் கடைக்காரன் செலவுக்கு வாயத் தொறப்பான்? மத்தியானம் சாப்புட்டு ஈ ஓட்டுற நேரமா வாங்க. அப்பத்தான் எல்லாவனும் சும்மா உக்காந்து கம்ப்யூட்டர நோண்டுவான்."

எங்கள் தெருவில் கரண்டு போகும் நேரத்தில் பக்கத்து ஊரான திருத்தங்கலில் இருக்கும். கனகராஜைப் பைக்கில் அங்கே ஒரு நெட் சென்டருக்கு விரட்டினேன். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் படம் போட்டான், பக்கத்திலேயே இருந்து பதிலும் அடித்தான். முதல் வரி செண்பகம் எழுதியது: 'போன வருஷத்தப் போல ரெண்டு பங்கு, கடைப் பேரு பெருசா வேணும்.' அதைப் பார்த்து அடுத்த கடைக்காரன் விலை கேட்டான், அவனைப் பார்த்து அடுத்தவன். சாயங்காலம் வேலம்மா ஆலைக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

ஆறு பேரும் இன்று என் பிரஸ்ஸில் காலண்டர் அட்டைக்குத் தகடு அடிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் என் புத்தியும் இல்லை, கனகராஜின் கம்ப்யூட்டரும் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெங்களூரில் கல்லாவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த செண்பகம்.