ஆடியில் எடுத்த லீவு

எனக்குப் பந்து விளையாட்டுகளில் ஒரு நாளும் விருப்பம் இருந்ததில்லை. அதிலும் தலையில் சட்டியைக் கவிழ்த்து, தோளில் தலையணை கட்டி, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற அமெரிக்க ஃபுட்போலைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். காலால் உதைப்பது எப்போதாவது ஒருமுறை, பேர் மட்டும் ஃபுட்போல். அப்படிப்பட்ட நான் ஓர் இலையுதிர்காலம் முழுக்க இருந்து அந்த விளையாட்டைப் பாடமாக்கினேன் என்றால், அதற்குக் காரணம் என் தங்கச்சியின் கலியாணம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்காபரோவில் தயிர்ப் பேணிகளுக்குப் பிளாஸ்ரிக் மூடி அடிக்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மெஷினிலிருந்து சூட்டோடு விழும் மூடிகளில் நெளிந்ததைப் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லதை அடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் பதினொரு பேர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் லீவில் போகலாம். யார் எந்தக் கிழமையில் போவது என்பதை மற்றப் பகுதிகளில் வேலை மூப்புப்படி முடிவுசெய்வார்கள். எங்கள் பகுதியில் அதற்கு வேறொரு வழக்கம் இருந்தது. அதைத் தொடக்கிவைத்தவர் எங்கள் லைனுக்குப் பொறுப்பாக இருந்த ஒஹையோக்காரர்.

ஒஹையோவில் பிறந்து, ரொறன்ரோப் பெண்ணைக் கட்டி, முப்பது வருஷத்துக்கு முன்னர் எல்லை கடந்து வந்தவர். மெலிந்து நெடுத்த மனுசன். அமெரிக்காவில் பல்கலைக்கழகக் குழுக்கள் ஆடும் ஃபுட்போல்தான் அவருக்குச் சமயம். மார்கழி பிறந்ததும் ஒரு தாளைப் படியெடுத்து எல்லாருக்கும் கொடுப்பார். அதில் வருஷக் கடைசியில் நடக்கும் ஆட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் யார் வெல்வார் என்று வட்டம் போட வேண்டும். ஆகக் கூடுதலாகச் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த கோடைக்கு முதல் தெரிவு. அவருக்குப் பிறகு இரண்டாமவர், பிறகு மூன்றாமவர். சுப்பவைசர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்துவிடுவார். முந்தைய வருஷம் நான் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டதில் எனக்குக் கிடைத்தது நவம்பர். நவம்பரில் இந்த ஊரில் லீவு எடுத்து என்ன செய்வது? யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் புரட்டாதியில் அம்மா செய்தி சொன்னா. அப்பா, அம்மா, தங்கச்சி மூவரும் அப்போது திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். தங்கச்சிக்குச் சுவிஸில் இருக்கும் ஒருவர் பொருந்தி வந்திருக்கிறார். வாற வருஷம் ஓகஸ்டில் அவருக்கு லீவு, அப்போது திருச்சியில் கலியாணம். நாங்கள் இரண்டே பிள்ளைகள். எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டியவன் அவன். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். ஆறு வருஷமாகத் தங்கச்சியைக் கண்டிருக்கவில்லை. நான் விட்டுவந்தபோது இரட்டைப் பின்னல் போட்டிருந்தவள்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அப்பா, அம்மாவைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டிருந்தேன். வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அது அம்போ. ஆக, அந்தத் தாளில் வெல்வதுதான் ஒரே வழி.

மூடி பொறுக்கியபடியே ஒஹையோக்காரரைத் துளைக்கத் தொடங்கினேன். மனுசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒருத்தரும் அவரிடம் இவ்வளவு கேட்டதில்லை. ஒரு பக்கத்து மாநிலங்களில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டு வைத்துக்கொள்ளும், அதற்குக் கொன்பெரன்ஸ் என்று பேர். செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை சனிக்கிழமைகளில் பெரும்பாலும் தங்கள் கூட்டுக்குள்ளேயே ஆடுவார்கள். அதில் முதலாவதாக வந்தவருக்கு ஒரு பெரிய கிண்ண ஆட்டம் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கும். போல் என்று அவர்கள் சொல்வது அந்த ஆட்டங்களைத்தான். குளிர் இல்லாத ஊர்களில், பெரும்பாலும் புதுவருஷத்தன்று நடக்கும். பூவின் பேரில் ஒன்று, தோடம்பழத்தின், அதுதான் ஒரேஞ்சின், பேரில் ஒன்று, சீனியின் பேரில் ஒன்று, பஞ்சின் பேரில் ஒன்று. “இதென்ன, விளையாட்டுப் போட்டியோ பலசரக்குக் கடையோ?” என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

முதலாவதாக வராதவர்களுக்கும் இடம் உண்டு. பாதி ஆட்டங்களுக்கு மேல் வென்றிருந்தால் சின்னக் கிண்ணங்களுக்கு அழைப்பு வரலாம். அழைப்பது அந்தந்தக் கிண்ணத்தை நடத்தும் குழு. நிறக் கோட்டுகள் போட்டுக்கொண்டு மைதானம் மைதானமாகப் போய்ப் பார்ப்பார்களாம். எத்தனை ஆட்டம் வென்றார்கள் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. இந்தக் குழுவை அழைத்தால் பின்னால் எத்தனை ஆயிரம் சனம் வரும், ஹோட்டல்கள் நிரம்புமா என்றும் பார்ப்பார்கள். இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்லுகிற சங்கதிதானே!

விளங்காமல் போனது சம்பியன் விஷயம். எல்லாக் கிண்ணமும் முடிந்த பிறகு யார் நாட்டுச் சம்பியன் என்பதை ஆடித் தீர்ப்பதில்லை. வாக்குப் போடுகிறார்கள்! விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் ஒரு வாக்கெடுப்பு, பயிற்சியாளர்கள் வேறொரு வாக்கெடுப்பு.

“முதல் இரண்டு பேரையும் மோதவிட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“முடியாது. ஒருவன் ஒரு கிண்ணத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பான், மற்றவன் வேறு கிண்ணத்தில் ஆடுவான். சொல் கொடுத்தால் கொடுத்ததுதான்” என்றார்.

“மடை வேலை” என்று நான் தமிழில் சொன்னதைக் கேட்டு, பக்கத்து மெஷினில் நின்ற அண்ணை சிரித்தார். யாழ்ப்பாணத்தில் வாத்தியாராக இருந்தவர் அவர். “நீ லீவுக்குப் படிக்கிறியோ சோதினைக்குப் படிக்கிறியோ?” என்று நாளும் பொழுதும் பகிடி பண்ணுவார்.

அந்த வருஷம் தோற்காத குழுக்கள் இரண்டு இருந்தன. ஒன்று மேற்குக் கரையில், மற்றது தெற்கில். மேற்கின் குழுவுக்குப் பூவின் பேருள்ள கிண்ணம், தெற்கின் குழுவுக்குத் தோடம்பழக் கிண்ணம். இரண்டும் சந்திக்கப் போவதில்லை. தாளின் கடைசிக் கேள்வி, யார் சம்பியன்? அதற்கு மட்டும் மூன்று புள்ளி. எனக்கு வந்த எரிச்சலில் இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மோதாத இரண்டு பேரில் யார் பெரியவன் என்று கடவுளாலும் சொல்ல முடியாது.

புதுவருஷத்தன்று எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பஃபலோ ரீவிச் சனலில் காலையிலிருந்து ஆட்டங்களைப் பார்த்தேன். அறையில் கூட இருந்தவர்கள் எனக்கு மூளை தட்டிவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். தோற்காத இரண்டு குழுக்களும் வென்றன. மறுநாள் வாக்கெடுப்பு முடிவு வந்தது. செய்தி எழுதுகிறவர்கள் தெற்கைச் சொன்னார்கள், பயிற்சியாளர்கள் மேற்கைச் சொன்னார்கள். ஒரு நாட்டுக்கு இரண்டு சம்பியன்!

சாப்பாட்டு அறையில் சண்டை வந்துவிட்டது. இரண்டு பேர் எழுதுவது அளாப்பல், கள்ள ஆட்டம் என்று ஏழெட்டுப் பேர் கத்தினார்கள். ஆட்டங்களில் ஒஹையோக்காரர்தான் என்னைவிட ஒரு புள்ளி முன்னால் நின்றார். சம்பியன் கேள்வியில் அவர் மேற்கை மட்டும் எழுதியிருந்தார். அவர் நினைத்திருந்தால் என் தாளைக் கிழித்திருக்கலாம். எழுந்து நின்று, “இவன் எழுதியது மட்டும்தான் நடந்தது. இவன் வென்றுவிட்டான்” என்று சொல்லிக் கையைக் குலுக்கினார். எனக்கு நிலம் தெரியவில்லை. அந்த இடத்திலேயே பேனையை வாங்கி, ஓகஸ்டின் முதல் இரண்டு கிழமைகளை எழுதினேன். அடுத்தது அவர். ஓகஸ்ட் கடைசிக் கிழமையும் செப்டெம்பர் முதற் கிழமையும் என்று எழுதினார். தாள் மேலே ஒப்பீசுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“லீவு கிடைச்சிட்டுது அம்மா. ஓகஸ்ட் முதல் ரண்டு கிழமை!”

அம்மா வெடித்தா. “என்னடா விசர்க் கதை கதைக்கிறாய்? அது ஆடி மாசமெல்லோ! ஆடியிலை ஆரடா கலியாணம் வைக்கிறது? மாப்பிளைக்கு லீவு ஆவணி பிறந்து, ஓகஸ்ட் கடைசியிலைதான். ஐயரும் செப்டெம்பர் முதல் கிழமையிலை நாள் வைச்சிட்டார்.”

“ஓகஸ்ட் எண்டுதானே சொன்னனீங்கள்?”

“ஆடியிலை இல்லையெண்டு உனக்குச் சொல்லவும் வேணுமோ?”

பூக் கிண்ணத்துக்கு எந்தக் கூட்டிலிருந்து யார் போவார் என்று தெரிந்த எனக்கு ஆடி எப்போது முடியும் என்று தெரியவில்லை. என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஒப்பீசில் கேட்டேன். ஒப்புக்கொண்டால் இரண்டு பேர் மாற்றிக்கொள்ளலாம், வேறு வழியில்லை என்றார்கள். எனக்கு வேண்டிய கிழமைகள் ஒஹையோக்காரரிடம் இருந்தன.

“என் தங்கச்சியின் கலியாணம். கிழமையை மாற்றுவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “வாழ்த்துகள். ஆனால் என்னால் முடியாது. சீசனின் முதல் ஆட்டத்துக்கு ஒவ்வொரு வருஷமும் என் தம்பியோடு போகிறேன். நாங்கள் இரண்டு பேரும் காண்பது அந்த ஒரு முறைதான். உனக்குத்தானே முதல் தெரிவு இருந்தது” என்றார்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு மெஷினடிக்குப் போனேன்.

“விளக்கமாச் சொல்லிக் கேளடாப்பா. கெட்ட மனுசன் இல்லை” என்றார் அண்ணை.

“உந்த மனுசனிட்டைக் கெஞ்சச் சொல்லுறியளோ? பந்தடி பாக்கிறதும் தங்கச்சியின்ரை கலியாணமும் ஒண்டோ?”

அதற்குப் பிறகு அவரோடு வேலைக்குத் தேவையான கதை மட்டும்தான். ஓம், இல்லை, மூடி முடிந்துவிட்டது. அவர் இரண்டு மூன்று முறை தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். நான் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓகஸ்ட் முதல் இரண்டு கிழமையும் அறையில் படுத்துக் கிடந்தேன். செப்டெம்பரில் கலியாண நாளன்று லைனில் நின்றேன். முகூர்த்த நேரத்தைக் கணக்குப் பார்த்தபோது கண் மறைத்து, நெளிந்த மூடிகள் பெட்டிக்குள் போய்விட்டன. சுப்பவைசரிடம் பேச்சும் வாங்கினேன்.

ஒக்ரோபரில் வீடியோ கசற் வந்தது. அண்ணை பார்க்க ஆசைப்பட்டார், அவருக்காக வேலைக்குக் கொண்டுபோனேன். பாதுகாப்புப் படங்கள் போட்டுக் காட்டுகிற வீடியோப் பெட்டி சாப்பாட்டு அறையில் இருந்தது. மதிய இடைவேளையில் போட்டபோது ஒஹையோக்காரரும் சான்ட்விச்சோடு வந்து பின்னால் உட்கார்ந்தார். போகச் சொல்ல முடியாதே.

மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். எங்கள் சித்தப்பாவின் மகன், நாற்பது வயதுக்காரர், செம்பைச் சரித்து அவரின் காலைக் கழுவினார்.

“அவர் யார்? ஏன் காலைக் கழுவுகிறார்?” என்று பின்னாலிருந்து கேட்டார் ஒஹையோக்காரர்.

அண்ணைதான் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னார். அது பெண்ணின் சகோதரன் செய்கிற வேலை, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறதும் அவன்தான், மோதிரமும் அவனுக்குத்தான், இவர் அவனுக்குப் பதிலாக நிற்கிறவர், சொந்தச் சகோதரன் இல்லை.

ஒஹையோக்காரர் எழுந்து வந்து படத்தை நிறுத்தினார். “பெண்ணின் சகோதரன் நீதானே?”

“ஓம்” என்றேன்.

“விருந்துக்குப் போகக் கேட்கிறாய் என்று நினைத்தேன்.” சான்ட்விச் கையில் இருந்தபடியே இருந்தது. “உனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது என்று நீ சொல்லவில்லையே. நான் தம்பியை இரண்டாம் ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருப்பேனே.”

இங்கிலிஷ் போதாமல் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பச்சைப் பொய். அதே இங்கிலிஷில் ஓர் இலையுதிர்காலம் முழுக்க அவரிடம் நூறு கேள்வி கேட்டிருந்தேன், அவரும் சலிக்காமல் எல்லாவற்றையும் சொல்லித் தந்திருந்தார். நான் அவருக்குச் சொன்னது தங்கச்சிக்குக் கலியாணம் என்ற ஒரு வரி மட்டும்தான். நான் சொல்லாததைத் தெரிந்துகொள்ளாத குற்றத்துக்கு ஒன்பது மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து போடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.